கூலிச் சட்டத்தால்தான் டெல்டாவில் வேலை போயிற்றா?

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "குறைந்தபட்சக் கூலின்னு சட்டம் போட்டதாலதான் வயல்ல ஆள் வைக்க முடியாம போச்சு, மெஷின் வந்துச்சு, ஏழைக்கு இருந்த வேலையும் போச்சுன்னு அப்பா சொல்றார். உண்மையா? இந்தச் சட்டம் எங்க ஆரம்பிச்சது? பொருளாதாரம் படிச்சவங்க என்ன சொல்றாங்க?"

முதலில் நான் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் இருபத்தாறு வருஷம் பொருளாதாரம் நடத்தியவன். ஊரில் பத்து மா நிலம் இருக்கிறது, ஏக்கர் கணக்கில் மூன்றே கால் சொச்சம், அதற்கு ஆள் வைத்துக் கூலி கொடுப்பவனும் நான்தான். வகுப்பில் ஒன்று பேசி வரப்பில் வேறொன்று பேசிய நாட்கள் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அப்பா சொல்வதில் வேலை குறைந்தது என்ற பாதி சரி. சட்டத்தால் குறைந்தது என்ற பாதிதான் இடிக்கிறது. டெல்டாவில் கூலியை ஏற்றியதும் இறக்கியதும் பெரும்பாலும் கூலிச் சட்டம் இல்லை. அது என்ன என்பதற்கு வருகிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும்.

உலகத்தில் ஆரம்பம் எங்கே என்றால் நியூசிலாந்தில், 1894இல். தொழில் தகராறை விசாரிக்கிற நீதிமன்றத்துக்கே கூலி நிர்ணயிக்கும் அதிகாரம் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கூலி வாரியங்கள் வந்தன. 1907இல் அதே நாட்டில் ஹிக்கின்ஸ் என்கிற நீதிபதி, ஒரு தொழிலாளி தன் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் சிக்கனமாக, ஆனால் மானமாக வாழ என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டு நாளுக்கு 7 ஷில்லிங் என்று தீர்ப்பு எழுதினார். முதலாளியால் எவ்வளவு முடியும் என்று பார்க்காமல் குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்ததுதான் அதில் புதுசு. வேடிக்கை என்னவென்றால் அந்த வழக்கில் நின்ற கம்பெனி அறுவடை மெஷின் செய்கிற கம்பெனி. நம் ஊர்க் கதையில் மெஷின் கடைசியில் வருகிறது, அங்கே முதலிலேயே வந்துவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அதே ஹிக்கின்ஸ் 1919இல் பெண்களுக்கு ஆண் கூலியில் 54 சதவீதம் போதும் என்று வைத்தார். குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன் ஆண், பெண் தன் வயிற்றுக்கு மட்டும் சம்பாதிக்கிறாள் என்பது அவர் கணக்கு. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா?

இங்கிலாந்தில் 1909இல் சட்டம் வந்தது. தையல், அட்டைப்பெட்டி, சரிகைப் பின்னல், சங்கிலி செய்தல் என்று நான்கே தொழில்களுக்கு. இதில் சங்கிலிக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கதைக்கு அதுதான் ஒட்டுகிறது. கிராட்லி ஹீத் என்கிற ஊரில் பெண்கள் வீட்டுக் கொல்லையில் உலை போட்டு இரும்பு அடித்துச் சங்கிலி கோப்பார்கள். அந்தச் சட்டப்படி அமைந்த கூலி வாரியம் மணிக்கு இரண்டரை பென்ஸ் என்று அறிவித்தது. சட்டத்தில் ஒரு சந்து இருந்தது, தொழிலாளி எழுதிக் கொடுத்தால் ஆறு மாதம் பழைய கூலிக்கே வேலை வாங்கலாம். முதலாளிகள் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களிடம் தாளை நீட்டிக் குறி வாங்கிக்கொண்டார்கள். கூலி சட்டமாகிவிட்டது, ஆனால் கைக்கு வரவில்லை. 1910இல் மேரி மெக்கார்தர் என்கிற சங்கத் தலைவி அந்தப் பெண்களைத் திரட்டி, பத்து வாரம் வேலைநிறுத்தம் நடத்தி, சட்டம் ஏற்கெனவே கொடுத்ததை மறுபடி போராடி வாங்கிக் கொடுத்தார்.

அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் 1923இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஒப்பந்த உரிமைக்கு விரோதம் என்று தள்ளி, 1937இல் தன் பேச்சைத் தானே மாற்றிக்கொண்டது. 1938இல் நாடு முழுக்க மணிக்கு 25 சென்ட் என்று சட்டம் வந்தது, ஆனால் வயல் வேலை செய்பவர்களை அதில் சேர்க்கவில்லை. அவர்கள் 1966 வரை காத்திருந்தார்கள்.

அந்த விஷயத்தில் நம் நாட்டின் 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பரவாயில்லை, விவசாயத்தை அட்டவணையில் முதலிலேயே எழுதியது. ஆனால் எவ்வளவு கூலி என்று சட்டத்தில் ஒரு பைசாக் கணக்குக்கூடக் கிடையாது, அரசு பார்த்து நிர்ணயித்துக்கொள்ளலாம், அதிகபட்சம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்தலாம் என்று விட்டுவிட்டது. விவசாயத்துக்கு மூன்று வருஷத்துக்குள் நிர்ணயிக்கச் சொன்னார்கள், பிறகு அந்தக் கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். 1957இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு சூத்திரம் வகுத்தது. உழைப்பவர் 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு 0.6, மொத்தம் 3 பங்கு சாப்பாடு, பங்குக்கு நாளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருஷம் 72 கெஜம் துணி, வாடகை, விறகு விளக்குச் செலவுக்கு 20 சதவீதம். 1990களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் படிப்பு, வைத்தியம், முதுமைக்கென்று இன்னும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதும்போது நன்றாகத்தான் இருக்கும். வயலுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். என் தாத்தா ஒரு மிராசுதாரிடம் காரியக்காரராக இருந்தவர். வீட்டுப் பரணில் இரண்டு மரக்கால் கிடந்தன, பார்க்க ஒரே மாதிரி, வாயில் பித்தளைப் பூண் போட்டவை. கல்லூரியில் சேர்ந்த வருஷ லீவில் ஒன்றில் நெல்லைத் தலைதட்டி நிரப்பி இன்னொன்றில் கொட்டிப் பார்த்தேன். ஒன்றரைக் கை நெல் தரையில் வழிந்தது. பாட்டியிடம் கேட்டேன். "அது வாங்குற மரக்கா, இது குடுக்குற மரக்கா" என்று முறத்தில் இருந்து கண் எடுக்காமல் சொன்னார். குத்தகை நெல் வாங்கும்போது பெரியது, ஆளுக்குக் கூலி அளக்கும்போது சின்னது. தாத்தா கெட்டவர் இல்லை, அவர் காலத்தில் அது பண்ணையின் தளவாடம், ஏர் கலப்பை மாதிரி.

1943 வாக்கில் பி. சீனிவாசராவ் கன்னட நாட்டிலிருந்து தஞ்சைக்கு வந்து விவசாயச் சங்கம் கட்டியபோது எழுந்த கோரிக்கைகளில் ஒன்று, முத்திரை போட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பது. கூலியை ஏற்றச் சொல்வதற்கு முன்னால் அளவைச் சரியாக வை என்று கேட்க வேண்டியிருந்தது. சவுக்கடியும், தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் இருந்த காலம் அது, 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் அவை கூடாது என்று எழுதினார்கள். அப்புறம் கூலிக்காக மாயவரம் ஒப்பந்தம். 1952இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தஞ்சை சாகுபடியாளர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். அதன்படி பண்ணையாளைக் காரணமில்லாமல் நீக்கக் கூடாது, நிர்ணயித்த கூலி தர வேண்டும். ஒரே கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது சுமார் ஆறே முக்கால் ஏக்கருக்கு மேல், வைத்திருந்தவர்களுக்கு அது பொருந்தும்.

அப்பா பக்கம் பேச வேண்டிய இடம் இதுதான். அந்தச் சட்டத்துக்குப் பிறகு நிறைய மிராசுதார்கள் பண்ணையாள் என்று யாரையும் வைத்துக்கொள்ளவே இல்லை. பழையவர்களை ஏதோ பேசிக் கணக்கு முடித்துவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் கூப்பிட ஆரம்பித்தார்கள். வருஷம் முழுக்கச் சோறு நிச்சயமாக இருந்தவர் வேலை இருக்கும் நாளில் மட்டும் கூலி வாங்குபவரானார். அடிமைத்தனமும் போயிற்று, நிச்சயமும் போயிற்று. சட்டம் பாதுகாக்க நினைத்த உறவையே சட்டம் கலைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த உறவுக்குள் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் கலைந்தது நல்லது என்றுதான் சொல்வார்கள், நான் கேட்டிருக்கிறேன்.

பிறகு வெண்மணி. அரைப் படி நெல் கூடக் கேட்டார்கள், மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்துக்கொண்டு வெளியூர் ஆளை இறக்கி அறுத்தார்கள், தகராறு முற்றி 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள், பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். 1973இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. இடையில் டெல்டாக் கூலிப் பிரச்சினையை விசாரிக்கக் கணபதியா பிள்ளை கமிஷன் வந்தது, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலியை அதில் லிட்டர் கணக்கு நெல்லாக எழுதினார்கள். மரக்கால் போய் லிட்டர் வந்தது. இருபது வருஷம் முன்னால் 1948 சட்டத்தின் கீழே கையெழுத்துப் போட்டு முடித்திருக்கக்கூடிய வேலை அது.

இனி பொருளாதாரக்காரர்கள் சண்டை. பழைய பாடம் சுலபம்: எந்தப் பொருளின் விலையை ஏற்றினாலும் வாங்குவது குறையும், கூலியும் ஒரு விலை, அதனால் வேலை குறையும். 1946இல் ஸ்டிக்லர் இதைத்தான் எழுதினார். நானும் பல வருஷம் இதைத்தான் வரைபடம் போட்டு நடத்தினேன். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் மணிக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது, பக்கத்து பென்சில்வேனியா ஏற்றவில்லை. கார்டு, குரூகர் என்ற இருவர் இரண்டு பக்கமும் சேர்த்து 410 துரித உணவுக் கடைகளை முன்னும் பின்னும் விசாரித்து 1994இல் எழுதினார்கள், ஏற்றிய பக்கத்தில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை என்று. பெரிய ரகளை. நியூமார்க், வாஷர் என்ற இருவர் வேறு கணக்கெடுத்து இல்லை குறைந்தது என்றார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை, 2021இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்த பிறகும்.

ஆனால் ஏன் குறையாமல் இருக்க முடியும் என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டாம், பழைய தஞ்சைக் கிராமம் போதும். ஒரே மிராசுதார், முப்பது ஆள் வேலை செய்கிறார்கள். முப்பத்தோராவது ஆள் அரைப் படி கூடக் கொடுத்தால் வருவேன் என்கிறார். அவருக்கு மட்டும் ஏற்றிக் கொடுத்தால் மற்ற முப்பது பேர் சும்மா இருப்பார்களா? எல்லாருக்கும் ஏற்ற வேண்டும். ஆக அந்த ஓர் ஆளால் ஆகும் செலவு அவர் கூலி மட்டும் இல்லை, முப்பது அரைப் படி, அதாவது பதினைந்து படி கூடுதல். எதற்கு வம்பு என்று களை மண்டினாலும் முப்பதோடு நிறுத்திக்கொள்வார். இப்போது சட்டம் வந்து எல்லாருக்கும் அந்த அரைப் படியைக் கட்டாயமாக்கினால்? கொடுத்தாகிவிட்டது, இனி முப்பத்தோராவது ஆளால் கூடுவது அவர் கூலி மட்டும்தான், வரச்சொல் என்பார். கூலியும் ஏறுகிறது, வேலையும் ஏறுகிறது. ஆள் போக்கிடம் இல்லாமல் ஒரே இடத்தில் கட்டுண்டு கிடக்கும்போது மட்டும் இது நடக்கும். ஆளுக்குப் பத்து இடம் போக வழியிருக்கிற ஊரில் பழைய பாடம்தான் சரி, சட்டம் எல்லை மீறி ஏற்றினால் வேலை போகும்.

அப்படியானால் டெல்டாவில் ஆள் எதனால் கட்டுண்டு கிடந்தார்? கடன் ஒரு காரணம், சாதி பெரிய காரணம். ஆனால் தினசரி வாழ்க்கையில் கை வைத்துப் பிடித்திருந்த கயிறு எது என்றால் மனைக்கட்டு. குடிசை நிற்கிற இடம் மிராசுதாருடையது. கூலி கேட்டால் "நாளைக்கு மனையைக் காலி பண்ணு" என்று ஒரு வார்த்தை போதும். 1971இல் வந்த குடியிருப்பு மனைச் சட்டம் அந்த இடத்தைக் குடியிருந்தவருக்கே சொந்தமாக்கியது. அதை யாரும் கூலிச் சட்டம் என்று சொல்வதில்லை, பாடப் புத்தகத்தில் அந்தத் தலைப்பில் வராது. என் கணக்கில் டெல்டாவின் உண்மையான கூலிச் சட்டம் அதுதான். காலி பண்ணு என்று சொல்ல முடியாதவரிடம் கூலி பேசித்தான் ஆக வேண்டும். அப்புறம் டவுன் பஸ், திருப்பூர், 2011இலிருந்து விலையில்லா ரேஷன் அரிசி, 2006இல் நாகப்பட்டினத்தில் முதல் கட்டமாக வந்த நூறு நாள் வேலை, எல்லாம் அதே வேலையைத்தான் செய்தன. இன்றைக்கு இந்தக் கூலி சரிப்படாது என்று வீட்டில் உட்கார முடிகிற ஆளுக்குத்தான் நாம் கூலி ஏற்றிக் கொடுக்கிறோம்.

சரி, மெஷின்? குறுவை அறுப்பு புரட்டாசி கடைசி, ஐப்பசியில் வருகிறது, வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் மூன்றாம் நாள் முளைத்துவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இழுபறி. பெல்ட் வண்டி, அதாவது சேற்றிலும் ஓடும் அறுவடை மெஷின், ஓர் ஏக்கரை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு நெல்லைத் தார்ப்பாயில் கொட்டிவிட்டுப் போகிறது. கூலி பாதியாக இருந்தாலும் நான் வண்டியைத்தான் கூப்பிடுவேன், அறுக்கத் தெரிந்த ஆம்பிளை ஆளும் ஊரில் இல்லை. வேலை நாள் குறைந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கவில்லை, 2020இல்தான் மறுபடி அந்தத் தேதிக்குத் திறந்தார்கள். ஒரு குறுவை போனால் ஒரு நாற்றுப் பறி, ஒரு நடவு, ஒரு களை போகிறது. அந்தக் கூலி இழப்பை எந்தச் சட்டத்தின் தலையில் கட்டுவது?

போன வருஷம் சம்பா நடவுக்குப் பேச்சு. ஆட்களைச் சேர்த்துக் கொண்டு வருகிற அம்மா வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து, ஏக்கருக்கு இவ்வளவு, நாற்றுப் பறி தனி, பத்து மணிக்கு டீ வடை உங்கள் செலவு என்று விரல் மடக்கிக்கொண்டே சொன்னார். நான் வாத்தியார் புத்தியில் அரசு நிர்ணயித்த கூலியை வைத்துப் பார்த்தால் இது ஜாஸ்தியாச்சே என்றேன். "சார், சட்டம் சொல்றத நீங்களே வச்சுக்கங்க, எங்க ரேட்டக் குடுங்க, போதும்." பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். நானும்தான். நடவு நேரத்தில் அரசிதழில் போட்ட கூலி அவர் ரேட்டுக்குக் கீழே, வெகு கீழே இருக்கிறது. அப்பாவிடம் இதைக் கேளுங்கள்: நாம் கொடுக்கும் கூலியைவிடக் குறைவாக இருக்கும் சட்டம் எப்படி நம்மை நொடிக்க வைக்கும்?

சட்டம் ஏன் அவ்வளவு பின்தங்கிக் கிடக்கிறது என்பது தனிக் கதை. 2019இல் மத்திய அரசு அமைத்த அனூப் சத்பதி குழு தேசிய அளவில் நாளுக்கு 375 ரூபாய் வேண்டும் என்று கணக்குக் கொடுத்தது. அந்த வருஷம் மத்திய அரசு செய்ததெல்லாம் தேசிய அடித்தளக் கூலியை 176 ரூபாயிலிருந்து 178 ஆக்கியதுதான். அதே வருஷம் ஊதியச் சட்டத் தொகுப்பும் நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21இல். அட்டவணையில் உள்ள தொழில் இல்லாத தொழில் என்று பார்க்காமல் எல்லாத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு, மத்திய அரசு ஓர் அடித்தளக் கூலி வைக்கும், அதற்குக் கீழே மாநிலம் போகக் கூடாது, குறைத்துக் கொடுத்தால் கேட்க முன்பு ஆறு மாதம் இருந்த அவகாசம் மூன்று வருஷம். காகிதத்தில் நல்ல சட்டம். கிராட்லி ஹீத்தில் காகிதத்தோடு பத்து வாரம் தேவைப்பட்டது.

அப்படியானால் டெல்டாவில் கூலிச் சட்டமே வேண்டாமா என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்கு உறுத்தல். ஏக்கர் கணக்குக்குப் பேசும் செட்டில், அதாவது நடவுக் குழுவில், வேகமாக நடக்கூடியவர்களைத்தான் சேர்ப்பார்கள், ஒருவர் பின்தங்கினால் எல்லாருடைய பங்கும் குறையும். அறுபது தாண்டிய பெண்களை மெல்லக் கழற்றிவிட்டார்கள். இப்போது மேற்கு வங்கத்துப் பையன்கள் கயிறு பிடித்து நடவு நடுகிறார்கள், அந்த வேகத்துக்கு நம் ஊர்ச் செட்டே ஈடு கொடுக்கத் திணறுகிறது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் அம்மா இருக்கிறார், முப்பது வருஷம் என் நிலத்தில் நட்டவர், எந்தச் செட்டிலும் இல்லை. வரப்போரம் கோரை பிடுங்க, விட்ட இடத்தில் போக்கு நடவு போட அவரைத்தான் கூப்பிடுகிறேன். கூலி எவ்வளவு என்று கேட்டால் "என்னத்தயோ குடுங்க சார்" என்பார். போன தடவை 300 கொடுத்தேன். 2025-26க்கு நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336. அரசிதழில் களை எடுப்புக்கு என்ன போட்டிருக்கிறது என்று அன்றைக்கு நான் எடுத்துப் பார்க்கவில்லை.